மன்னூபியா வீட்டு நெட்வொர்க் கார்டு

தலைநகர் துனிஸுக்குத் தெற்கே, கடலோர ஊரான ஸ்ஃபாக்ஸில், பாப் ஜெப்லி மீன் சந்தைக்குப் பின்னால் போகும் தெருவில் லசாத் சியாலா கணினிக் கடை வைத்திருந்தான். கடையின் நடுவில் நின்று இரண்டு கையையும் விரித்தால் இரண்டு பக்கத்துச் சுவரும் தட்டும். ஐரோப்பாவில் அலுவலகங்கள் கழித்துப் போட்ட கணினிகள் கப்பலில் மொத்தமாக வந்து இறங்கும். அவற்றை வாங்கித் தூசி தட்டி, கெட்டதை மாற்றி, மாணவர்களுக்கும் கணக்கர்களுக்கும் விற்பான். அடித்துப் பேரம் பேசுகிறவர்களிடம்கூட அவன் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. ஆனால் தனக்குச் சரி என்று பட்டதை விட்டுக்கொடுக்கவும் மாட்டான். அவன் மனைவி ரவ்தா, "இவரு சிரிச்சுக்கிட்டே நிப்பாரு, நகரவே மாட்டாரு" என்று சொல்வாள்.

கடைக்காரன் என்று மட்டும் அவனைச் சொல்லிவிட முடியாது. உலகம் முழுக்க லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் ஓடும் கணினிகளுக்குள் இருந்த ஒரு நிரலின் தலைப்பில் அவன் பெயரும் இருந்தது. அதற்குக் கீழே இருந்தது அவன் நண்பன் கைஸ் த்ரீகியின் பெயர்.

பொறியியல் கல்லூரியில் இருவரும் ஒரே பெஞ்சு. அந்த நாளில் சந்தையில் மலிவான நெட்வொர்க் கார்டு ஒன்று குவிந்து கிடந்தது. விண்டோஸில் ஓடும், லினக்ஸில் செருகினால் அசைந்துகூடக் கொடுக்காது. கணினி சொல்வதைக் கார்டுக்கும், கார்டு சொல்வதைக் கணினிக்கும் புரியவைக்கிற நிரலைத்தான் டிரைவர் என்கிறார்கள். அது இல்லை. தயாரித்த நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டார்கள், பதில் வரவில்லை. நாமே எழுதிவிடலாம் என்று கைஸ் சொன்னான். கார்டுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல், ஒவ்வொரு இடமாகத் தட்டிப் பார்த்து, அது எதற்கு எப்படிப் பதில் சொல்கிறது என்று எழுதி வைத்து, இரண்டு குளிர்காலம் அதோடு மல்லுக்கட்டினார்கள். அவ்வளவும் நடந்தது கைஸின் அம்மா மன்னூபியாவின் சமையலறை மேசையில்தான்.

மன்னூபியா கணவனை இழந்தவள். மகள் சிஹாமும் மகன் கைஸும்தான் அவள் உலகம். லசாத் அவளைக் கால்தி என்று அழைப்பான். தாயின் சகோதரியை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். மேசையில் வயர்களும் கார்டுகளும் பரப்பியிருக்க, அவள் ஓரமாக நின்று கத்தரிக்காய் நறுக்குவாள். டிரைவருக்குப் பிரெஞ்சில் பைலட் என்று பெயர். "எம் பையனும் லசாத்தும் சேர்ந்து பைலட் தயார் பண்றாங்க" என்று அவள் தெருவெல்லாம் சொல்லி வைக்க, பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி தன் மகனையும் விமானம் ஓட்டப் பழக்கிவிடச் சொல்லி ஒரு கூடை பாதாமோடு வந்து நின்றாள். கைஸ் விழுந்து விழுந்து சிரித்தான். பாதாமைத் திருப்பிக் கொடுக்காதே என்று லசாத் காதோடு சொன்னான்.

அந்த டிரைவரை லினக்ஸ் பொறுப்பாளர்கள் லினக்ஸிலேயே சேர்த்துக்கொண்டார்கள். அதைக் காட்டித்தான் கைஸுக்கு முனிச் நகரத்தில் வேலை கிடைத்தது. லசாத்துக்கும் போயிருக்கலாம். அந்த வருஷம் அவன் தகப்பனாருக்குப் பக்கவாதம் வந்து படுத்துவிட்டார், அவன் தங்கிவிட்டான். டிரைவரைப் பராமரிக்கும் பொறுப்பு கைஸ் பெயரில் ஆனது. அதற்குச் சம்பளம் எதுவும் கிடையாது. வேலை முடிந்து வந்த பிறகு உலகத்தின் எந்த மூலையிலிருந்தோ வரும் புகார்களைப் படித்துப் பதில் எழுதுவான். புதிதாக எதை மாற்றினாலும் முதலில் லசாத்துக்கு அனுப்புவான். லசாத் கடையில் போட்டு ஓட்டிப் பார்த்து, சரி என்று சொன்ன பிறகே வெளியே விடுவான்.

ஒரு கோடை விடுமுறையில் கைஸ் ஊருக்கு வந்தபோது அம்மா வீட்டில் ஒரு கணினியை வைத்தான். தங்கள் டிரைவர் ஓடுகிற கார்டையே தன் கையால் செருகினான். கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசும் காலம் இன்னும் வரவில்லை. தினமும் பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு மன்னூபியா தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு திரைக்கு முன்னால் உட்காருவாள். முனிச்சில் கைஸ் வேலைக்கு நடுவே ஓய்வறைக்கு வந்து பேசுவான். என்ன சமைத்தாய், என்ன சாப்பிட்டாய், மேலே சிஹாம் வீட்டில் என்ன சத்தம் என்று ஒரு மணி நேரம் ஓடும். தொலைபேசியில் கூப்பிட்டால் அவளுக்குக் கோபம் வரும். "இங்க சும்மா கெடைக்குது, அங்க ஏன் காசக் கரியாக்குற?" என்பாள். சிக்கனத்துக்குப் பேர்போன ஸ்ஃபாக்ஸ்காரி, வேறு எப்படிப் பேசுவாள்.

ஓர் இலையுதிர்காலத்தில் இடி விழுந்து அந்தத் தெருவில் பல வீட்டுச் சாமான்கள் போயின. மன்னூபியாவின் கார்டும் கருகிவிட்டது. லசாத் போய், கடைக்கு வந்திருந்த புதுச் சரக்கிலிருந்து அதே பெயர் போட்ட கார்டு ஒன்றைச் செருகிவிட்டு, தேநீர் குடித்துவிட்டு வந்தான். அவன் அதைப் பெரிய விஷயமாக நினைக்கவில்லை.

ஒரு வாரத்தில் அவள் கூப்பிட்டாள். "மகனே, கைஸ் வாயத் தொறந்தபடியே நின்னுட்டான்."

பேச்சு நீளும்போது படம் உறைந்துவிடும். கார்டு ஊமையாகிவிடும். கணினியை அணைத்துப் போட்டால் திரும்ப வரும். லசாத் கேபிளை மாற்றினான். மோடத்தை மாற்றினான். கார்டை வேறு துளையில் செருகினான். மின்சாரம் சேமிக்கும் வசதியை நிறுத்திப் பார்த்தான். கார்டைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோய் ஒரு பகல் முழுவதும் ஓட்டினான். ஒரு குறையும் இல்லை. திரும்ப மன்னூபியா வீட்டில் போட்டால் இரண்டாம் நாளே ஊமை. அந்தக் கணினியும் அந்தக் கார்டும் சேர்ந்தால்தான் நோய் வருகிறது. நிறுவனம் கார்டின் பெயரை மாற்றாமல் உள்ளே சிப் எனும் சில்லை மட்டும் மாற்றியிருக்கிறது என்று அவனுக்குத் தோன்றியது. கைஸின் மேசையில் இருப்பது பழைய சில்லு.

முனிச்சுக்குக் கூப்பிட்டான்.

"டேய் கைஸ், நம்ம கார்டு ஊமையாயிடுதுடா. புதுச் சரக்கு. ரொம்ப நேரம் படம் ஓடினா வாயடைச்சுப் போகுது."

"எங்க?"

கைஸ் தன் கையால் போட்ட கார்டு கருகியதையும், அந்த இடத்தில் தான் மலிவுச் சரக்கு ஒன்றைப் போட்டதையும் சொல்ல லசாத்துக்குக் கூச்சமாக இருந்தது. முதலில் சரிசெய்வோம், பிறகு சொல்லிச் சிரித்துக்கொள்ளலாம் என்று நினைத்தான்.

"ஒரு வாடிக்கைக்காரங்க வீட்ல."

"கேபிள் மாத்தினியா?"

"மாத்தினேன்."

"மோடம்?"

"நான் என்ன நேத்துப் பொறந்தவனா?"

"எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க. போன வாரம் ஒருத்தன் பக்கம் பக்கமாத் திட்டி எழுதினான், டிரைவர் எழுதினவன் கைய உடைக்கணும்னு. கடைசில பார்த்தா கேபிள எலி கடிச்சிருக்கு."

"என் கடைல எலி கெடையாது."

"மீன் சந்தைக்குப் பின்னாடி கடை, அதுல எலி கெடையாதாம்!"

இருவரும் சிரித்தார்கள். முறையாகப் புகார் எழுதிப் போடு, பார்க்கிறேன் என்றான் கைஸ். அவர்கள் சேர்ந்து சிரித்தது அதோடு சரி.

லசாத் எல்லோரும் படிக்கும் புகார்ப் பக்கத்தில் எழுதினான். என்ன கணினி, என்ன கார்டு, எப்போது நிற்கிறது, எதையெல்லாம் மாற்றிப் பார்த்தான் என்று ஒன்று விடாமல் எழுதினான். சில வாரம் பதில் இல்லை. பிறகு, என் மேசையில் இந்தப் பிழை வரவில்லை, மேலும் விவரம் தேவை என்று வந்தது. விவரம் கொடுத்தான். மறுபடியும் அதே வரி. நிறுவனம் சில்லை மாற்றியிருக்கலாம், ஒரு கார்டை அனுப்புகிறேன் என்று எழுதினான். அந்தக் குளிர்காலம் கைஸுக்கு அலுவலகத்தில் நெருக்கடி, தூக்கம் குறைந்திருந்தது, திட்டி எழுதுகிறவர்கள் வேறு பெருகியிருந்தார்கள். அதெல்லாம் லசாத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. அன்று அவன் கண்டது இதை மட்டும்தான்:

"புகார் தெரிவித்தவர் பயன்படுத்தும் கார்டு எங்கிருந்து வந்தது என்பதே சந்தேகத்துக்குரியது. அந்த ஊர்ச் சந்தைகளில் எதையும் எந்தப் பெயரிலும் விற்பார்கள். போலிச் சரக்குக்கு டிரைவர் பொறுப்பல்ல. புகார் மூடப்படுகிறது."

லசாத் அதைக் கடையில் உட்கார்ந்து படித்தான். எதிரில் ஒரு வாடிக்கைக்காரர் அச்சுப்பொறி மை கேட்டுக்கொண்டு நின்றார். அவர் இரண்டாம் முறை கேட்ட பிறகுதான் இவன் நிமிர்ந்தான். போலி என்று சொன்னதைக்கூடத் தாங்கியிருப்பான். புகார் தெரிவித்தவர் என்ற சொல்தான் அவனைக் குத்தியது. தன் பெயர் கைஸின் பெயருக்கு மேலே இருக்கிற நிரலைப் பற்றிப் பேசும்போதே, முகம் தெரியாத யாரோ ஒருவனைப் போலத் தன்னைச் சொல்லிவிட்டானே என்று இருந்தது.

அன்று பிற்பகலே பதில் எழுதினான்.

"முதல் கார்டையும் அந்த ஊர்ச் சந்தையில்தான் வாங்கினோம், நீயும் நானும். பராமரிப்பாளருக்கு இப்போது தன் ஊரைச் சொல்ல வெட்கமாக இருக்கலாம். தன் நிரலில் இருக்கும் பிழையைச் சொல்ல என்ன வெட்கம்?"

யார் யாரோ வந்து சேர்ந்துகொண்டார்கள். ஒருவர் கைஸை ஆணவக்காரன் என்றார். இன்னொருவர் லசாத்தைப் புகழுக்கு அலைகிறவன் என்றார். ஸ்ஃபாக்ஸ் எந்த நாட்டில் இருக்கிறது என்று தெரியாதவர்களெல்லாம் தீர்ப்புச் சொன்னார்கள். கடைசியில் கைஸ், இது சொந்தச் சண்டைக்கான இடம் அல்ல என்று எழுதி, இனி யாரும் எதுவும் எழுத முடியாதபடி அந்தப் பக்கத்தைப் பூட்டினான். அதற்குப் பிறகு இருவரும் ஒருவரை ஒருவர் கூப்பிடவில்லை.

மன்னூபியாவுக்கு இது எதுவும் தெரியாது. படம் நின்றால் லசாத்தைக் கூப்பிடுவாள். அவனும் போவான். மோரும் பேரீச்சம்பழமும் வைப்பாள்.

"கைஸ்கிட்டப் பேசுறியா மகனே?"

"வேல ஜாஸ்தி கால்தி. அவனுக்கும், எனக்கும்."

"அவனும் இதையேதான் சொல்றான். ரெண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்துல பொய் படிச்சீங்களா?"

லசாத் குனிந்து கேபிளைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

அவன் கடையில் வேறு நிறுவனத்துக் கார்டுகள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. ஒன்றை எடுத்துப் போய் மாற்றியிருந்தால் கால் மணி நேர வேலை. பிறகு அவள் படம் ஒருநாளும் நின்றிருக்காது. அவன் செய்யவில்லை. அந்தப் பிழை தவறாமல் வருகிற இடம் அந்த வீடு ஒன்றுதான். கார்டை மாற்றினால் ஆதாரம் போய்விடும். கார்டு ஊமையாகும் கணத்தில் உள்ளே என்ன நடக்கிறது என்று பதிவு செய்ய ஒரு சிறு நிரல் எழுதி அவள் கணினியில் போட்டுவைத்தான். பதிவு முழுதாகக் கிடைக்க வேண்டுமென்றால், படம் நின்றதும் கணினியை அணைக்கக் கூடாது.

"கால்தி, நின்னுட்டா நீங்க ஒண்ணும் தொடாதீங்க. அப்படியே விட்டுட்டு எனக்குச் சொல்லுங்க. நான் வந்து பார்த்துக்கிறேன்."

"அணைச்சுப் போட்டா வந்துருதே?"

"வேணாம் கால்தி. அப்படியே விடுங்க."

அவளும் அப்படியே விட்டாள். பாதிப் பேச்சில் உறைந்த மகனின் முகத்துக்கு எதிரே உட்கார்ந்து, லசாத் வரும்வரை பட்டாணி உரித்துக்கொண்டிருப்பாள். முனிச்சில் கைஸ் இரண்டு முறை அழைத்துப் பார்ப்பான், கிடைக்காது. அந்த ஊர் லைன் அப்படித்தான் என்று சலித்துக்கொண்டு வேலைக்குத் திரும்புவான்.

ஒருநாள் சாப்பிடும்போது ரவ்தா கேட்டாள். "கார்ட மாத்திப் போட்டுட்டு வர வேண்டியதுதானே? பாவம், வயசானவங்க."

"கொஞ்ச நாள்தான். கையில புடிச்சுட்டேன்னா அவன் தப்புன்னு ஒத்துக்கிட்டுத்தான் ஆகணும்."

"அவன் ஒத்துக்கிட்டா உங்களுக்கு என்ன கெடைக்கும்?"

"உண்மை ரவ்தா."

ரவ்தா தட்டுகளை எடுத்துக்கொண்டு போனாள்.

வசந்தம் முடிந்து வெயில் ஏறத் தொடங்கியிருந்த ஒரு பிற்பகல். கடையில் கூட்டம். பரீட்சைக் காலம், மாணவர்கள் முட்டி மோதிக்கொண்டு நின்றார்கள். தொலைபேசி அடித்தது.

"மகனே, நின்னுபோச்சு. அவன்கிட்ட ஒண்ணு சொல்லலாம்னு ஆரம்பிச்சேன், அதுக்குள்ள நின்னுபோச்சு."

"சரி கால்தி, தொட்டுடாதீங்க. கடைய ஒதுக்கிட்டு வந்துர்றேன்."

"அணைச்சுப் போட்டுப் பார்க்கட்டுமா? ஒரு வார்த்த சொல்லணும் அவன்கிட்ட."

"வேணாம் கால்தி, வேணாம். அப்படியே இருக்கட்டும். இன்னிக்கு நல்லாப் பதிவாகியிருக்கும்."

"சீக்கிரம் வா மகனே. இன்னிக்கு என்னமோ ரொம்பச் சோர்வா இருக்கு."

"வெயில் கால்தி. தண்ணி குடிங்க. வந்துர்றேன்."

வந்துவிடுகிறேன் என்றவன் கூட்டம் கலைந்து கிளம்பும்போது அந்தி நேர மக்ரிப் பாங்கு சொல்லிவிட்டார்கள். கதவு சாத்தியிருந்தது, தாழ்ப்பாள் போடவில்லை. கால்தி என்று கூப்பிட்டுக்கொண்டே உள்ளே போனான். அவள் நாற்காலியில்தான் இருந்தாள். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. தலைத்துணி நழுவித் தோளில் கிடந்தது. திரையில் கைஸ் எதையோ கேட்கப் போகிறவன்போல் புருவத்தை உயர்த்தியபடி நின்றிருந்தான்.

லசாத் அவள் கையைத் தொட்டான். பிறகு மாடிப்படிக்கு ஓடி சிஹாமைக் கூப்பிட்டான். என்ன சொல்லிக் கூப்பிட்டான் என்று பிறகு அவனுக்கு நினைவில்லை. ஆம்புலன்ஸ் வந்தது, மருத்துவர் வந்தார். இதயம் என்றார். பகலிலிருந்தே வலி இருந்திருக்கும் என்றார். சிஹாம் அன்று பள்ளியில் வேலையாக இருந்து தாமதமாகத்தான் வந்திருக்கிறாள். அம்மா தம்பியோடு பேசிக்கொண்டிருப்பாள் என்று நினைத்து நேரே மாடிக்குப் போயிருக்கிறாள். அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு, ஒரு தடவ எட்டிப் பார்த்திருந்தா, ஒரு தடவ எட்டிப் பார்த்திருந்தா என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். யாரோ கணினியின் வயரைப் பிடுங்கினார்கள். கைஸின் முகம் அணைந்தது.

மறுநாள் நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். கைஸ் துனிஸ் வந்து இறங்கி, அங்கிருந்து காரில் வந்து சேர்வதற்குள் மண் போட்டாகிவிட்டது. தெருவில் நாற்காலி போட்டு ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். காரிலிருந்து இறங்கிய கைஸ் நேராக வந்து முதலில் லசாத்தைத்தான் கட்டிக்கொண்டான். "அவ தனியா இல்ல, நீ இருந்தே. அல்லாஹ் உன்னக் காப்பாத்தட்டும்" என்று அவன் காதில் சொன்னான். சண்டையை மறந்துவிட்டான் போலிருந்தது. அல்லது அன்றைக்கு அது ஒரு பொருட்டாக இல்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்களெல்லாம் இறைவனின் பரக்கத் உங்களிடம் இருக்கட்டும் என்று கைஸிடம் சொல்லிவிட்டு, அதையே லசாத்திடமும் சொல்லிப் போனார்கள், அவனும் ஒரு மகன் என்று.

மூன்றாம் நாள் குர்ஆன் ஓதி, கூஸ்கூஸ் பரிமாறி, கூட்டம் கலைந்த பிறகு, வீட்டின் பின்புறம் பாதாம் மரத்துப் பக்கம் இருவரும் உட்கார்ந்தார்கள். கைஸ் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"என்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு ஆரம்பிச்சா. 'கைஸ், எனக்கு'ன்னா, அப்படியே நின்னுபோச்சு. நான் ரெண்டு தடவ கூப்பிட்டேன். இந்த ஊர் லைன்தானே, நாளைக்குப் பேசிக்கலாம்னு விட்டுட்டேன்."

"லைன் இல்ல கைஸ்."

கைஸ் நிமிர்ந்தான்.

"இடி விழுந்தப்போ உன் கார்டு கருகிப்போச்சு. நான்தான் புதுசு போட்டேன். புகார்ல எழுதினேனே, ஒரு வீட்ல ஊமையாகுதுன்னு. அது இந்த வீடுதான்."

கைஸுக்கு விளங்கச் சற்று நேரம் ஆனது. "இந்த வீடா? ஏன் சொல்லல? எங்கம்மா வீடுன்னு ஒரு வார்த்த எழுதியிருந்தா நான் அன்னிக்கே உட்கார்ந்திருப்பேனேடா!"

"மொதல்ல கூச்சமா இருந்துச்சு. அப்புறம் நீ போலின்னு எழுதின. உங்கம்மா பேரச் சொல்லி ஜெயிக்கிறது வேணாம்னு நெனச்சேன். நான் சொல்றதுக்காகவே நீ நம்பணும்னு நெனச்சேன்."

"கார்ட மாத்தியிருக்கலாமே லசாத். உன் கடைல வேற கார்டு இல்லையா?"

"இருந்துச்சு."

"அப்புறம்?"

"மாத்தினா ஆதாரம் போயிரும்."

லசாத் மீதியையும் சொன்னான். சொல்லாமல் எழுந்து போக அவனால் முடியவில்லை. தொலைபேசியில் அவள் கேட்டதை, அணைத்துப் போட்டுப் பார்க்கட்டுமா என்றதை, தான் வேண்டாம் என்றதை, சோர்வாக இருக்கிறது என்று அவள் சொன்னதை, வெயில் என்று தான் பதில் சொன்னதை. எதையும் மழுப்பவில்லை.

கைஸ் கத்துவான், அடிப்பான் என்று லசாத் எதிர்பார்த்தான். அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. கைஸ் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"நான் நம்பியிருக்கணும்" என்றான் கடைசியில். "நீ மாத்தியிருக்கணும்."

"ஆமா."

"போ லசாத். சிஹாம் வர்றதுக்குள்ள போ. அவகிட்ட நீ எதுவும் சொல்லாத."

முனிச்சுக்குத் திரும்பும் முன் கைஸ் அந்தக் கணினியைத் திறந்து கார்டைக் கழற்றி எடுத்துப் போனான் என்று சிஹாம் பிறகு சொன்னாள். அம்மா நினைவாக ஏதாவது எடுத்துக்கொள் என்று அம்மாவின் வளையலைக் காட்டினாளாம். அவன் இதைத்தான் எடுத்தானாம்.

கோடை முடிவதற்குள் பூட்டியிருந்த புகார்ப் பக்கம் திறந்தது. வேகமாகத் தரவுப் பொட்டலங்கள் வந்து நிரம்பி வழியும்போது அந்தப் புதுச் சில்லு ஒருமுறை குரல் கொடுக்கிறது. டிரைவர் அதைக் கவனிக்காமல் விட்டால் சில்லு அதோடு வாயை மூடிக்கொள்கிறது. சரிசெய்வதற்குச் சில வரிகளே போதுமானதாக இருந்தன. அவற்றுக்குக் கீழே, பிழையைக் கண்டு சொன்னவர் லசாத் சியாலா என்று இருந்தது. அதன் அடியில் கைஸ் எழுதியிருந்தான்: "புகார் முதல் நாளிலிருந்தே சரியாக இருந்தது. நான்தான் தவறு. லசாத்திடம் எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்கிறேன். இத்துடன் பராமரிப்புப் பொறுப்பிலிருந்து விலகுகிறேன்."

பாராட்டுகள் வந்து குவிந்தன. அன்று அவனைப் புகழுக்கு அலைகிறவன் என்றவரும் வாழ்த்தியிருந்தார். இனி நீங்களே இந்த டிரைவரைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று லினக்ஸ் பொறுப்பாளர்கள் கேட்டு எழுதினார்கள். லசாத் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அந்தப் பக்கத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தான். ரவ்தா சாப்பாட்டுத் தூக்கோடு வந்தபோது அவன் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரையைப் பார்த்தாள்.

"ஒத்துக்கிட்டானா?"

"ஒத்துக்கிட்டான்."

"ஒரு வரி எழுதுங்களேன் அவனுக்கு."

"என்னன்னு எழுத ரவ்தா?"

அவன் கண்ணைத் துடைக்கவில்லை. வழிந்துகொண்டே இருந்தது. அவள் தூக்கைக் கீழே வைத்துவிட்டு ஷட்டரை முழுவதும் இறக்கினாள். பொறுப்பாளர்களுக்கு முடியாது என்று மட்டும் எழுதினான்.

நோன்புப் பெருநாளுக்குச் சிஹாம் உப்பு மீனும், தொட்டுக்கொள்ள ஷர்மூலா என்ற உலர்திராட்சைக் குழம்பும் கொடுத்தனுப்பினாள், அம்மா இருந்தால் கொடுத்திருப்பாள் என்று. அப்போதுதான் கைஸ் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை என்பது லசாத்துக்கு உறுதியானது. அது இரக்கமா, தண்டனையா என்று அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்தத் தட்டை அவன் பிள்ளைகள் சாப்பிட்டார்கள்.

குளிர் தொடங்கியதும் சிஹாம் கடைக்கே வந்தாள். அம்மாவின் கணினி மாடியில் சும்மா கிடக்கிறது, தம்பியோடு பேச வேண்டும், வந்து சரிசெய்து கொடு என்றாள். மாட்டேன் என்று சொல்ல அவனிடம் காரணம் இல்லை. பெட்டியிலிருந்து வேறு நிறுவனத்துக் கார்டு ஒன்றை எடுத்துப் போய்ச் செருகினான். வெகுநேரம் ஓட்டிப் பார்த்தான்; நிற்கவில்லை. பிறகு சிஹாம் முனிச்சுக்கு அழைத்தாள். கைஸின் முகம் வந்தது. இளைத்திருந்தான், தாடி விட்டிருந்தான். கேமராவில் விழாதபடி லசாத் சுவரோரம் ஒதுங்கி, திருப்புளிகளைப் பையில் போட்டுக்கொண்டிருந்தான். குரலைக் கேட்டுக்கொண்டிருந்தான். அவர்கள் அம்மாவின் நிலத்து ஆலிவ் அறுவடை பற்றிப் பேசினார்கள், யாரோ ஒரு மாமாவின் கல்யாணத்தைப் பற்றிச் சொல்லிச் சிரித்தார்கள்.

"படம் எவ்வளவு தெளிவா இருக்கு! யாரு வச்சுக் குடுத்தா?" என்றான் கைஸ்.

"வேற யாரு, நம்ம லசாத்தான். இங்கதான் நிக்கிறான். லசாத், இப்படி வாயேன், பேசு."

லசாத் ஓர் அடி எடுத்து வைத்தான்.

"எனக்கு நேரமாச்சு அக்கா. அப்புறம் பேசுறேன்" என்றது குரல். திரை இருண்டது.

லசாத் பக்கம் திரும்பியிருந்ததில் அது சரியாகக் காதில் விழாத சிஹாம் மவுஸை இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்தாள். "என்ன லசாத், மறுபடியும் லைன் போயிருச்சா?"

"இல்ல சிஹாம்" என்றான் அவன். "லைன் நல்லாத்தான் இருக்கு."